குலசாமி கோயிலில் ஏழாம் அத்தியாயம்

புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொல்லாத ஆசை உண்டு. படிக்கிறவர்கள் தான் எழுதியதை அப்படியே நம்ப வேண்டும் என்கிற ஆசை. பெரியவர்களுக்காக எழுதுகிறவர்கள் இதில் தப்பித்துவிடுகிறார்கள். பெரியவர்கள் எதையும் நம்புவதில்லை. நான் பிள்ளைகளுக்கு எழுதினேன். அதுவும் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். அந்த ஆசை என்னை விட்டு ஒழிந்தது கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு குலசாமி கோயிலில், என் தங்கை மகனுக்குக் காது குத்திய அன்று, முதல் பந்தி உட்கார்ந்த பிறகு.

எனக்கு ஆனையூரில் வீடு. ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் எழுத்தாளர் (வேலை நேரத்திலும் என்பது என் மேலாளரின் கருத்து). அந்த வருஷம்தான் என் முதல் புத்தகம் வந்திருந்தது. 'நாலு நாக்குப் பட்டாளம்' என்று பெயர். சிறுவர் சாகச நாவல்.

கதை இதுதான். சப்புக்கொட்டி என்று ஒரு பூதம். ஊர் ஊராகப் போய் அடுப்பில் கொதிக்கிற பானைகளிலிருந்து ருசியைத் திருடுவது அதன் தொழில். பானை மேல் குனிந்து ஒரு சப்புக் கொட்டினால் போதும், மணக்க மணக்கக் கொதித்த குழம்பு வெறும் சுடுதண்ணீர் ஆகிவிடும். அதைப் பிடிக்க நாலு பிள்ளைகள் கிளம்புகிறார்கள். உப்பு நாக்கு, புளிப்பு நாக்கு, கார நாக்கு, இனிப்பு நாக்கு என்று ஆளுக்கு ஒரு திறமை. அலங்காநல்லூர்க் கரும்புக்காட்டில் ஒரே ஒரு வரிசைக் கரும்பு மட்டும் சப்பென்று இருப்பதைக் கடித்துக் கடித்துக் கண்டுபிடித்து, பூதம் எந்தப் பக்கம் போனது என்று இனிப்பு நாக்குக்காரி சொல்லும் இடம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

ஏழாம் அத்தியாயம்தான் நாவலின் உச்சம். ஒரு கோயில் விருந்து. பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் அண்டாவைத் திறந்து ருசி பார்க்கிறார்கள். உப்பே இல்லை. சப்புக்கொட்டி வந்துவிட்டுப் போயிருக்கிறது. பெரியவர்களிடம் சொல்லக் கூடாது. பெரியவர்கள் பேசுவது எந்த மூலையில் இருந்தாலும் பூதத்துக்குக் கேட்டுவிடும். ஆளுக்கு ஒரு கையளவு உப்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அண்டாவில் போட வேண்டும். போட்டவர் போட்டதை அடுத்தவரிடம்கூடச் சொல்லக் கூடாது. நாலு பேரும் போட்டதும் ருசி திரும்பி வருகிறது, ஊரே பாராட்டுகிறது. இதை எழுதி முடித்த அன்று நானே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டேன்.

ஊர் கை தட்டவில்லை. அச்சடித்த பிரதிகளில் பெரும்பகுதி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கட்டிலுக்கு இனிமேல் கால் தேவையில்லை என்று என் மனைவி சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் தங்கை செல்வி போன் செய்தாள். சின்னவன் கவினுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். மடியில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமன் நான். எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் தாய்மாமன்தான் மாப்பிள்ளை மாதிரி. மாலை, மேளம், மரியாதை எல்லாம் உண்டு. அதற்கு ஈடாகக் கிடா விருந்து அவன் பொறுப்பு.

செல்வி அதைச் சொல்லக் கூப்பிடவில்லை. மூத்தவள் யாழினிக்குக் காது குத்தியபோது நான் போட்ட விருந்தில் கடைசிப் பந்திக்குக் கறி இல்லாமல் போயிருந்தது. குழம்பு மட்டும் ஊற்றினோம். அதையும் தண்ணீர் விட்டுத்தான் ஊற்றினோம். செல்வியின் மாமியார் பேச்சியம்மாள் அதை அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. வீட்டில் கறி எடுக்கும் நாளெல்லாம், "ஒங்கண்ணன் வாங்குன கறியா இருந்தா எலும்ப எண்ணிப் போடணும்" என்பார். செல்வி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த மாதிரி நிற்பாளாம்.

"அண்ணே, இந்தத் தடவ சாப்பாட்டுல ஒரு சொல்லு வந்துறக் கூடாது. நீ ஒரு நாள் வந்துட்டுப் போயிருவ. நாந்தான் வருசம் பூராக் கேக்கணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் அலட்சியமாக இருந்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னதால் எனக்குச் சுருக்கென்றது.

ஆகவே இந்தத் தடவை எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். போன தடவையைவிடப் பெரிய கிடாக்கள். நல்ல அரிசி. சமையலுக்கு மேலூர்ப் பக்கத்தில் பேர் பெற்ற சோலை மாஸ்டர். கூடவே, எனக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு யோசனையும் வந்தது. பத்திரிகை வைக்கப் போன சொந்தக்கார வீடுகளில் எல்லாம், பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு 'நாலு நாக்குப் பட்டாளம்' கொடுத்தேன். கட்டிலுக்கு அடியிலும் இடம் ஆயிற்று, இலக்கியச் சேவையும் ஆயிற்று. கொடுத்துவிட்டுச் சும்மா வந்தேனா என்றால் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து, "படிச்சா மட்டும் பத்தாது, அதுபடி நடக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். நல்ல புத்தகம் போல என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் படித்தார்கள். யாழினி போனில் ஏழாம் அத்தியாயத்தை முழுக்க ஒப்பித்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

காதுகுத்து அன்று காலையில் கோயிலுக்கு இரண்டு வேன்கள் வந்து நின்றன. வயல்களுக்கு நடுவே புளியமரங்கள், அவற்றின் கீழே சாமி, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் அடுப்பு. கிடா வெட்டியாயிற்று, மாஸ்டர் வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் பட்டு வேட்டியும் மாலையுமாகக் கொட்டகைக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். போகிற போக்கில் மாஸ்டரிடம் உப்பு, காரம் எல்லாம் எப்படி என்று விசாரித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சாமிக்குப் படைக்கும் வரை யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். உப்பு பார்ப்பதற்குக்கூட ஒரு சொட்டு நாக்கில் விடக் கூடாது. அதனால் மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். கொதிக்கும்போது பாதி உப்புக்கும் குறைவாகப் போடுவார். மீதிக் கல்லுப்பை ஒரு எவர்சில்வர் சட்டியில் தனியாக எடுத்து வைப்பார். படையல் முடிந்ததும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, வேண்டிய அளவு சேர்ப்பார். இதை அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். நான் "அதுசரி, அதுசரி" என்று மேளக்காரர்கள் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

காது குத்த நேரம் ஆயிற்று. கவின் என் மடியில். எல்லாரும் சுற்றி நின்றார்கள். மாஸ்டரையும் அவர் ஆட்களையும் நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக் கூட்டத்தில் நிற்க வைத்தேன் (இவ்வளவு மாலையோடு நான் இருப்பதை யாரும் பார்க்காமல் போய்விடக் கூடாது). கவின் வீறிட்டான். மேளம் அதை அமுக்கியது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இன்னும் ஞாபகம் இருக்கிறது: பரவாயில்லையே, இத்தனை பிள்ளைகள் வந்திருந்தும் ஒருவர்கூட இங்கே கூச்சல் போடவில்லையே, வாசிப்புப் பழக்கம் வந்தால் பிள்ளைகள் எப்படி அடங்கிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் கொட்டகையில் இருந்தார்கள்.

படையல் கொஞ்சம் தாமதம் ஆகிவிட்டது. பெரிய இலை போட்டு, சோறும் கறியும் குழம்பும் வைத்து, பூசாரி தீபம் காட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பெரியவர்கள் பந்திப் பாயில் போய் உட்கார்ந்தே விட்டார்கள். நடுவில் பேச்சியம்மாள். இலை வந்தது, தண்ணீர் தெளித்தார்கள், சாப்பாடு வரவில்லை. பேச்சியம்மாள் இலையைப் பார்த்தார், பிறகு கொட்டகையைப் பார்த்தார், பிறகு செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். மாஸ்டர் அப்போதுதான் கரண்டியில் குழம்பு எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர், உங்க கைக்கு உப்பு பார்க்கணுமா, எத்தனை வருஷக் கை, மீதியைப் போட்டு இறக்குங்க, பந்தி காத்திருக்கு என்றேன். புகழ்ச்சி யாரை விட்டது? அவர் வெட்கப்பட்டு, கரண்டியைக் கீழே வைத்து, எவர்சில்வர் சட்டியை எடுத்து மொத்தத்தையும் அண்டாவில் கவிழ்த்தார். சட்டியில் உப்பு தான் வைத்ததைவிடக் குறைவாக இருக்கிற மாதிரி அவருக்குப் பட்டதாம். யோசிக்க நான் நேரம் கொடுக்கவில்லை.

பரிமாறினோம். நானே குழம்பு வாளியைத் தூக்கினேன். கறி இந்தத் தடவை குறையவே குறையாது என்பதைக் காட்டுவதற்காகப் பேச்சியம்மாள் இலையில் அள்ளிக் கொட்டினேன். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவது நின்றது. விழுங்கினார். தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

பிறகு பந்தி முழுக்க ஒவ்வொருவராகத் தண்ணீர் டம்ளரை எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. சொந்தத்தில் சாப்பாடு நன்றாக இருந்தால் சத்தமாக இருக்கும், சுமாராக இருந்தால் குறை சொல்லுவார்கள். சத்தமே இல்லை என்றால் விஷயம் பெரிது. தங்கை மாப்பிள்ளை மட்டும் என் காதில், "மச்சான், கடல்ல விழுந்து எந்திரிச்ச மாரி இருக்கு" என்றார்.

நான் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

செல்வி பந்தியின் ஓரத்தில் அப்பளத் தட்டோடு நின்றாள். இன்னும் எத்தனை வருஷத்துக்கு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்கு வந்த பயம் கோபமாக மாறியது. அது மாஸ்டர் மேல் திரும்பியது. எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டு, பேர் பெற்ற ஆள் என்று நம்பி வந்தேனே, சமையல் தெரியுமா தெரியாதா என்று சத்தம் போட்டேன். அவர், நான் அளந்த உப்பு அண்ணே, எங்க ஆத்தா மேல சத்தியமா அளந்த உப்பு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போதுதான் யாழினி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் எல்லாரும். பயமே இல்லை. பரிசு வாங்க மேடை ஏறுகிறவர்கள் மாதிரி வந்து நின்றார்கள்.

"மாமா, மாஸ்டரத் திட்டாதீங்க. சப்புக்கொட்டி வந்திருச்சு. நாங்க பாத்துட்டோம், உப்பே இல்ல. ஆளுக்கு ஒரு கையளவு போட்டுட்டோம்" என்றாள்.

நான் எழுதியது நாலு பேர். அங்கே வந்திருந்தது இரண்டு வேன் பிள்ளைகள். ஒருவருக்கும் பட்டாளத்தில் சேராமல் இருக்க மனசில்லை. போட்டதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று நான் எழுதி வைத்திருந்ததால், போட்டாச்சா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. இரண்டு தடவை போட்டவர்களும் உண்டு. பெரிய பிள்ளைகள் எடுத்தது, மாஸ்டர் பலகை மேல் வைத்திருந்த உப்பு மூட்டையிலிருந்து. கை எட்டாத சின்னதுகள் எவர்சில்வர் சட்டியிலிருந்து.

"சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடியா வாய் வச்சீங்க?" என்று பந்தியில் யாரோ கேட்டார்கள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூசாரியைப் பார்த்தோம். அவர் படையல் சோற்றில் ஒரு கவளம் முன்னமே சாப்பிட்டுவிட்டு, தன் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார். பிள்ளைகள் வாய் வைத்தது குற்றமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் போனார்.

பேச்சியம்மாள் கை அலம்பவில்லை. "சப்புக்கொட்டின்னா யாரு?" என்றார்.

யாழினி ஓடிப்போய்ப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தாள். அட்டையில் என் பெயர் பெரிதாக இருந்தது. அச்சுக்குப் போகும்போது இன்னும் பெரிதாகப் போடச் சொல்லி நான்தான் சண்டை போட்டிருந்தேன். "வாசி" என்றார் பேச்சியம்மாள்.

எச்சில் கையோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் நடுவில் எழுந்து போக முடியாது. ஆகவே அத்தனை பேரும் ஏழாம் அத்தியாயத்தைக் கேட்டார்கள். யாழினி நன்றாக வாசித்தாள். என் எழுத்தை இவ்வளவு பெரிய கூட்டம் ஒரு சொல் விடாமல் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவமானத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல ஆசை. உண்மையில், 'பூதம் குனிந்தது' என்ற இடத்தில் அவள் நிறுத்தாமல் போனபோது, "அங்க கொஞ்சம் நிப்பாட்டி வாசிம்மா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

அத்தியாயத்தின் கடைசி வரி வந்தது. 'ஒரு வாய் உண்ட ஊர்மக்கள், இதுபோல் ஒரு குழம்பை எங்கள் பரம்பரையில் கண்டதில்லை என்று வியந்தார்கள்.'

பேச்சியம்மாள் தன் இலையைப் பார்த்தார். "நெசந்தான்" என்றார். தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதனால் முதலில் புரை ஏறியிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். அதற்குள் பந்தி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. நான் அவரிடம் போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.

பேச்சியம்மாள் செல்வியைக் கூப்பிட்டார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏத்தா, ஒங்கண்ணனத் திட்டணும்னுதான் வாயத் தொறந்தேன். உப்புல நாக்கு ஒட்டிக்கிருச்சு. போ, தயிர் இருந்தா கொண்டா" என்றார்.

செல்வி தயிர் எடுக்கக் கொட்டகைக்கு வந்தாள். அங்கேதான் அழுதாள், சிரித்துக்கொண்டே. என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மாலைப் பூக்கள் பாதி உதிர்ந்தன.

முதல் பந்தி தயிர்ச்சோற்றோடு முடிந்தது. மாஸ்டர் அதற்குள் அண்டாவை இரண்டாகப் பிரித்து, வெந்நீர் ஊற்றி, தேங்காய் அரைத்துவிட்டு, மறுபடி கொதிக்க வைத்துவிட்டார். அப்படியும் கரித்தது. மூன்றாகப் பிரித்தார். நாலாவது பாத்திரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டில் அண்டா கேட்டு வாங்கினோம். இரண்டாம் பந்திக்கு வந்த குழம்பு சாப்பிடும்படி இருந்தது. மூன்றாம் பந்திக்கு வந்தது நன்றாகவே இருந்தது. எல்லாரும் சாப்பிட்டு, வழியில் போனவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, வேன் ஓட்டுநர்கள் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போன பிறகும் ஒரு அண்டா நிறையக் குழம்பு மிச்சம் இருந்தது. கிளம்பும்போது பேச்சியம்மாள் அந்த அண்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போன தடவை தண்ணீர் ஊற்றியும் பத்தவில்லை, இந்தத் தடவை தண்ணீர் ஊற்றி மிஞ்சிவிட்டது என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார். பூதத்தைக் கடைசியில் பிடித்தார்களா இல்லையா என்று யாழினியை விட்டுத் தினம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

கறி எடுக்கும் நாளில் எலும்பை எண்ணும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை என்று செல்வி சொன்னாள். அந்த இடத்துக்கு உப்புக் கதை வந்துவிட்டது. பேச்சியம்மாள்தான் அதைச் சொல்வார், யார் வீட்டுக்கு வந்தாலும். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். கடைசியாக நான் கேட்டபோது மூன்று வேன் ஆகியிருந்தது.

அந்த வீட்டில் ஒரு புது வழக்கமும் வந்துவிட்டது. படையல் முடிந்ததும் நான் வந்து உப்பு பார்க்காமல் பந்தி கிடையாது. போன மாதம் தங்கை மாப்பிள்ளையின் தம்பி மகளுக்குக் காதுகுத்து. அங்கே தாய்மாமன் வேறு ஆள், மாலையும் அவருக்குத்தான். ஆனாலும் பேச்சியம்மாள் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "உப்பு பாக்குறவரக் கூட்டியாங்க" என்று ஆள் அனுப்பினார். சோலை மாஸ்டர்தான் அன்றைக்கும். கரண்டியை இரண்டு கையாலும் நீட்டினார். இந்தத் தடவை அவர் சிரித்தார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ரத்த அழுத்தம் என்று டாக்டர் எனக்கு உப்பைக் குறைத்துப் பல மாதங்கள் ஆகின்றன. வீட்டில் நான் சாப்பிடுவது சப்புக்கொட்டி வந்துவிட்டுப் போன சாப்பாடு. அதனால் வெளியே எதைத் தின்றாலும் என் நாக்குக்குக் கரிக்கிறது. அன்றைக்கும் கரித்தது. சரியான உப்பா, கூடுதலா என்று சத்தியமாகத் தெரியவில்லை. பந்தி மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பேச்சியம்மாளுக்குப் பின்னால் நின்று லேசாகத் தலையை ஆட்டினார்.

"சரியா இருக்கு அத்தை" என்றேன், ரொம்ப யோசித்த மாதிரி.

பேச்சியம்மாள் கையைக் காட்டினார். பந்திக்கு வாளிகள் கிளம்பின. யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது என் தோள் உயரம். கல்லூரிக்குப் போகப் போகிறாள். கையை இறுக மூடி என் முன்னால் நீட்டினாள். விரலிடுக்கில் கல்லுப்பு தெரிந்தது.

"மாமா, கண்ண மூடிக்கிறீங்களா?" என்றாள்.